உருண்டு ஓடும் பக்கமும் இறங்காத கோப்பும்

(கணினிப் பக்கம்)



சென்ற மாதச் சுவர் இதழில் எட்டாம் வகுப்புத் தம்பி எழுதிய "சூரிய குடும்பம்" கட்டுரையை எல்லோரும் படித்திருப்பீர்கள். இந்த மாதம் கணினிப் பக்கம் என் பொறுப்பு. "கணினியின் பயன்கள்" என்று எழுதச் சொன்னார் டீச்சர். "பயன்கள் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே டீச்சர், தொல்லைகளை எழுதட்டுமா?" என்று கேட்டேன். "எழுது. ஆனா தீர்வும் எழுதணும்" என்றார். அதனால் இரண்டு தொல்லைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒன்று, பக்கம் நாம் நினைத்தபடி உருளாதது. இரண்டு, டவுன்லோடு ஒழுங்காக இறங்காதது.

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளுக்குப் பெயர் பிரவுசர். தமிழில் உலாவி என்கிறோம். குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் எல்லாமே உலாவிகள்தான். இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றியதே.

இந்தத் தலைப்பை ஏன் எடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓர் எண் மாறிய கதை

எங்க அக்கா கல்லூரியில் சேர்ந்த வருடம், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க டவுனில் ஒரு கணினி மையத்துக்குப் போனோம். அம்மாவுக்கு அன்று ஒரு நாள் கூலி போச்சு. கூட்டம் அதிகமாக இருந்ததால் அங்கிருந்த அண்ணன், "நீயே அடிச்சுக்கம்மா" என்று அக்காவை உட்காரவைத்துவிட்டார். நான் பாஸ் புத்தகத்தைப் பார்த்து வங்கிக் கணக்கு எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தேன். அக்கா அடித்தாள். கடைசி எண் 8. மறுபடியும் ஒரு தடவை சரிபார்த்தோம். சரியாகத்தான் இருந்தது.

பிறகு கீழே போக அக்கா மவுஸ் சக்கரத்தை உருட்டினாள். பக்கம் நகரவில்லை. மவுஸைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி மறுபடி உருட்டினாள். நகர்ந்தது. மற்ற விவரங்களை நிரப்பி, அனுப்பிவிட்டு, தாளையும் அச்செடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

மூன்று மாதம் கழித்து அக்காவின் தோழிகள் எல்லாருக்கும் பணம் வந்தது. அக்காவுக்கு மட்டும் வரவில்லை. போய்க் கேட்டால் கணக்கு எண் தவறு என்றார்கள். வீட்டுக்கு வந்து, அச்செடுத்த தாளை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தோம். கடைசி எண் 5 என்று இருந்தது! "எட்டுக்கும் அஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் காலேஜுக்குப் போறியா?" என்று அப்பா கேட்டார். அக்கா பதில் பேசாமல் உள்ளே போய் அழுதாள். ஃபீஸ் கட்ட அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நான் படிச்சது 8. அக்கா அடிச்சது 8. ரெண்டு பேரும் பாத்தது 8. அப்படின்னா அந்த 5 எங்கேயிருந்து வந்தது? விடை இந்தக் கட்டுரையிலேயே ஓரிடத்தில் இருக்கிறது. தாண்டிக் குதிக்காமல் வரிசையாகப் படித்து வாருங்கள்.

முதல் பாடம்: ஒரு நேரத்தில் ஒன்று

கணினி சொன்னபடி கேட்காவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? மவுஸை மேசையில் தட்டுகிறோம். பத்துத் தடவை கிளிக் செய்கிறோம். அணைத்துப் போடுகிறோம். சில நேரம் சரியாகவும் ஆகிவிடும். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே தொல்லை வந்தால் மறுபடியும் தட்டல்தான்.

அறிவியல் பாடத்தில் விதை முளைக்கும் சோதனை செய்தோமே, நினைவிருக்கிறதா? ஒரு கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் இல்லை. இன்னொன்றில் காற்று மட்டும் இல்லை. மற்றதெல்லாம் ஒரே மாதிரி. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும். கணினிக்கும் இதே சோதனைதான். தொல்லை நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும்.

1. கருவி: மவுஸ், கீபோர்டு.
2. பக்கம்: நாம் திறந்திருக்கும் அந்த ஒரு இணையப் பக்கம்.
3. உலாவி: குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற மென்பொருள்.
4. வழி: இணைய இணைப்பும், கோப்பு இருக்கும் தூரத்துக் கணினியும்.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க நான்கு கேள்விகள்:

* நோட்பேடில் நிறைய வரிகள் அடித்து உருட்டிப் பார்க்கவும். அங்கேயும் தொல்லையா? அப்படியானால் கருவியைச் சந்தேகிக்கலாம்.
* அதே உலாவியில் வேறு பக்கத்தைத் திறக்கவும். அங்கே நன்றாக இருக்கிறதா? அப்படியானால் முதல் பக்கத்தில்தான் கோளாறு.
* அதே பக்கத்தை வேறு உலாவியில் திறக்கவும். அங்கே சரியாக வருகிறதா? அப்படியானால் முதல் உலாவி.
* பக்கத்துக் கணினியிலும் அதே தொல்லையா? அப்படியானால் வழி அல்லது அந்த இணையதளம்.

இந்த நான்கும் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகாது. இனி ஒவ்வொரு தொல்லையாகப் பார்ப்போம்.

பகுதி 1: உருட்டுவதில் வரும் தொல்லைகள்

ஸ்க்ரோல் என்றால் சுருட்டி வைக்கும் தாள் என்று பொருள். நம் முன்னோர் ஓலைச்சுவடியைப் புரட்டிப் படித்தார்கள். நாம் திரையை உருட்டிப் படிக்கிறோம். மவுஸில் சக்கரம் பரவலாக வந்தது 1996-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இன்டெல்லிமவுஸை வெளியிட்ட பிறகுதான். அதற்கு முன்பு திரையின் வலது ஓரத்தில் இருக்கும் பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. சக்கரம் வேலை செய்யாத நாளில் அந்தப் பட்டை இன்றும் கைகொடுக்கும்.

(அ) பக்கம் தானாகவே ஓடுகிறது

ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி "அக்கா, கம்ப்யூட்டருக்குப் பேய் பிடிச்சிருச்சு!" என்று ஓடி வந்தாள். பேயெல்லாம் இல்லை. மவுஸ் சக்கரத்தை உருட்ட மட்டுமல்ல, பொத்தான் போல அழுத்தவும் முடியும். தெரியாமல் அழுத்திவிட்டால் திரையில் அம்புகளோடு சின்ன வட்டம் ஒன்று வரும். பிறகு மவுஸை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் பக்கம் அந்தப் பக்கமே ஓடும். எஸ்கேப் விசையை ஒரு தடவை அழுத்தினால் நின்றுவிடும்.

வட்டமே இல்லாமல் ஓடினால்? கீபோர்டில் கீழ் அம்போ, ஸ்பேஸ் பாரோ சிக்கிக்கொண்டிருக்கலாம். கீபோர்டு ஒயரைப் பிடுங்கிப் பார்க்கவும். ஓட்டம் நின்றால் அதுதான் காரணம். ஒயர் செருகாமல் இருக்கும்போதே கீபோர்டைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டினால் சாக்பீஸ் தூள், பென்சில் சீவல், சில நேரம் முறுக்குத் துண்டுகூட விழும். (யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன்!)

(ஆ) கீழே உருட்டினால் மேலே குதிக்கிறது

சக்கரம் எவ்வளவு சுற்றுகிறது என்பதை உள்ளே ஒரு குட்டிப் பாகம் எண்ணிக்கொண்டே இருக்கும். அதில் தூசியோ தலைமுடியோ சிக்கினால் எண்ணிக்கை தப்பும். கீழே என்பதை மேலே என்று எண்ணிவிடும். மவுஸைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் இடுக்கில் ஊதி, காய்ந்த பிரஷ்ஷால் துடைக்கவும். வேறு மவுஸ் மாட்டிப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

சக்கரம் ஒரு பல் நகர்ந்தால் பக்கம் எத்தனை வரி நகர வேண்டும் என்பதை விண்டோஸின் மவுஸ் அமைப்பில் மாற்றலாம். வழக்கமாக அது 3 என்று இருக்கும். பக்கம் ரொம்ப வேகமாகப் பறந்தால் யாரோ அதைக் கூட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

(இ) உருட்டினால் எழுத்து பெரிசாகிறது, சின்னதாகிறது

கண்ட்ரோல் விசை அழுந்தியிருக்கும்போது சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகராது; எழுத்தின் அளவுதான் மாறும். கண்ட்ரோலும் பூஜ்யமும் சேர்த்து அழுத்தினால் பழைய அளவுக்கு வந்துவிடும். இதிலேயே ஒரு பயனும் உண்டு. சில படிவங்களில் "சமர்ப்பி" பொத்தான் திரைக்கு வெளியே மறைந்து, எவ்வளவு உருட்டினாலும் வராது. கண்ட்ரோலோடு கழித்தல் குறியை இரண்டு தடவை அழுத்தினால் பக்கம் சிறிதாகிப் பொத்தான் தெரியும்.

(ஈ) அம்பு விசை பக்கத்தை நகர்த்தவில்லை. எழுத்துக்கு நடுவே கோடு மின்னுகிறது

எஃப்7 விசையை யாரோ அழுத்திவிட்டார்கள். அது படிக்கும் பக்கத்துக்குள் கர்சரைக் கொண்டுவந்து வைக்கும். மவுஸ் இல்லாமல் எழுத்துகளைத் தேர்வு செய்ய உதவும் வசதி அது. இன்னொரு தடவை எஃப்7 அழுத்தினால் போய்விடும். பலர் ஸ்க்ரோல் லாக் விசையைக் குறை சொல்வார்கள். பெயரில் மட்டும்தான் ஸ்க்ரோல் இருக்கிறது! எக்ஸெலில் அதற்கு வேலை உண்டு. உலாவியில் அது பெரும்பாலும் சும்மாதான் இருக்கும்.

(உ) உருட்டினால் பக்கம் நகரவில்லை, உள்ளே ஒரு பெட்டி மட்டும் நகர்கிறது

சில பக்கங்களுக்குள் இன்னொரு சின்னப் பக்கம் இருக்கும். மவுஸ் அம்பு எதன் மேல் நிற்கிறதோ அதுதான் முதலில் உருளும். அம்பை வெளியே காலியான இடத்தில் வைத்து உருட்டவும். "ஏற்கிறேன்" என்று கேட்கும் அறிவிப்பு திரையை மறைத்துக்கொண்டிருந்தாலும் பின்னால் இருக்கும் பக்கம் நகராது. முதலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

(ஊ) உருட்டினால் எண் மாறுகிறது!

இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு நாள் கணினி வகுப்பில் படிவம் நிரப்பிப் பழகினோம். வயது என்ற பெட்டியில் 14 என்று அடித்துவிட்டுச் சக்கரத்தை உருட்டினேன். பக்கம் நகரவில்லை. ஆனால் வயது 13 ஆனது. இன்னொரு பல் உருட்டினேன், 12! இரண்டு பல்லில் நான் ஏழாம் வகுப்புக்கே திரும்பிப் போய்விட்டேன். தோழிகள் எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அக்காவின் 8 ஞாபகம் வந்துவிட்டது.

டீச்சர் விளக்கினார். சில பெட்டிகள் எண்ணை மட்டும் ஏற்கும்படி செய்யப்பட்டிருக்கும். அவற்றின் ஓரத்தில் மேலும் கீழுமாகக் குட்டி அம்புகள் தெரியும். அந்தப் பெட்டியில் கர்சர் மின்னும்போது, மவுஸ் அம்பும் அதன் மேலேயே நின்றால், சக்கரம் பக்கத்தை உருட்டாமல் எண்ணை உருட்டிவிடும். கீழே ஒரு பல் என்றால் ஒன்று குறையும். மேலே ஒரு பல் என்றால் ஒன்று கூடும். எல்லா உலாவியிலும் எல்லாப் பெட்டியிலும் இப்படி நடக்காது. அதனால்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கணக்கு எண்ணை இப்படிப்பட்ட பெட்டியில் கேட்பதே சரியில்லை என்றார் டீச்சர். கணக்கு எண்ணை யாரும் கூட்டப் போவதில்லை, கழிக்கப் போவதில்லை. அது வெறும் அடையாளம்தான். ஆனால் படிவம் செய்கிறவர்கள் சிலர் இதை யோசிப்பதில்லை.

தீர்வு: எண்ணை அடித்து முடித்ததும் பக்கத்தில் காலியான இடத்தில் ஒரு கிளிக் செய்யுங்கள். கர்சர் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும். பிறகு உருட்டுங்கள். அடித்த உடனே சரிபார்த்தால் மட்டும் போதாது. "சமர்ப்பி" அழுத்தும் முன் மறுபடி மேலே போய் ஒவ்வொரு எண்ணையும் பார்க்க வேண்டும்.

(எ) தடுக்கித் தடுக்கி நகர்கிறது

இருபது டேப் திறந்து வைத்தால் கணினி என்னதான் செய்யும்? தேவையில்லாததை மூடவும். அப்படியும் தடுக்கினால் ஃபயர்பாக்ஸின் அமைப்புகளில், பொதுப் பகுதியில், வழுக்கி நகரும் வசதி ஒன்று இருக்கிறது. பழைய கணினியில் அதை அணைத்தால் சில நேரம் நன்றாக ஓடும். அமைப்புகளை மாற்றும் முன் டீச்சரிடம் கேட்கவும். பழைய நிலை என்ன என்பதை நோட்டில் எழுதிக்கொள்ளவும்.

மவுஸ் இல்லாமலே உருட்ட:
ஸ்பேஸ் பார் – ஒரு திரை கீழே
ஷிஃப்ட் + ஸ்பேஸ் பார் – ஒரு திரை மேலே
ஹோம் – பக்கத்தின் தொடக்கம்
எண்ட் – பக்கத்தின் முடிவு
(கர்சர் ஏதாவது பெட்டிக்குள் இருந்தால் இவை பக்கத்தை நகர்த்தாது.)

பகுதி 2: டவுன்லோடில் வரும் தொல்லைகள்

வேறொரு கணினியில் இருக்கும் கோப்பின் நகல் நம் கணினிக்கு வந்து சேர்வதுதான் டவுன்லோடு. ஒரு செய்தி தெரியுமா? கணினிகளுக்கிடையே கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி. முறைக்கு முதன்முதலில் விதிகள் எழுதியவர் ஓர் இந்தியர்! அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்த அபய் பூஷண், 1971 ஏப்ரலில் அமெரிக்காவில் இருந்தபோது அதை எழுதினார்.

(அ) "இறங்கவே மாட்டேங்குது"

பல நேரம் இறங்கியிருக்கும். நமக்குத்தான் தெரிந்திருக்காது. என் வகுப்புத் தோழி பழைய வினாத்தாளுக்காக ஏழு தடவை கிளிக் செய்தாள். பார்த்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே வினாத்தாள் ஏழு தடவை இருந்தது. இரண்டாவதிலிருந்து பெயருக்குப் பின்னால் (1), (2), (3) என்று வரிசை எண். கிளிக் செய்ததும் கண்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்துங்கள். இறங்கியவை, இறங்கிக்கொண்டிருப்பவை எல்லாம் பட்டியலாக வரும்.

(ஆ) கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்கவில்லை

கோப்பு புதிய சன்னலில் திறக்கப் பார்த்திருக்கும். விளம்பரமோ என்று நினைத்து உலாவி அதைத் தடுத்திருக்கும். முகவரிப் பட்டையின் ஓரத்திலோ அதற்குக் கீழேயோ ஓர் அடையாளம் தெரியும். அதைத் திறந்து, நமக்குத் தெரிந்த நல்ல தளம் என்றால் மட்டும் அனுமதிக்கலாம்.

(இ) திறக்கிறது, ஆனால் மூடினால் காணோம்

பிடிஎஃப் கோப்புகளை உலாவியே திறந்து காட்டும். காட்டுவது வேறு, சேமிப்பது வேறு. மேலே இருக்கும் கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால்தான் நம் கணினியில் சேமிக்கப்படும்.

(ஈ) பாதியில் நின்றுவிடுகிறது

டிக்டேஷன் எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் என்ன செய்வோம்? "டீச்சர், இந்த வரியிலிருந்து சொல்லுங்க" என்போம். உலாவியும் அதே போல, "இவ்வளவு வந்துவிட்டது, மீதியை அனுப்பு" என்று கேட்கும். எதிரில் இருக்கும் கணினிக்கு அந்த முறை தெரிந்திருந்தால் விட்ட இடத்திலிருந்து அனுப்பும். பட்டியலில் "தொடர்" என்பதை அழுத்தினால் போதும். தெரியாவிட்டால் முதல் வரியிலிருந்துதான்.

பாதி இறங்கிய கோப்பின் பெயர் குரோமில் "சிஆர்டவுன்லோடு" என்றும், ஃபயர்பாக்ஸில் "பார்ட்" என்றும் முடியும். பெயரை மாற்றினால் கோப்பு முழுசாகிவிடாது. பாதி இட்லி பாதி இட்லிதான்!

(உ) ஆமை வேகம்

இங்கே ஒரு கணக்கு. இணைய வேகத்தைச் சொல்லும்போது மெகாபிட் என்கிறார்கள். கோப்பின் அளவைச் சொல்லும்போது மெகாபைட் என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட்.

வேகம் = நொடிக்கு 8 மெகாபிட் = நொடிக்கு 1 மெகாபைட்
புத்தகம் = 30 மெகாபைட்
ஒரு கணினி மட்டும் இறக்கினால் = 30 நொடி
10 கணினிகள் ஒரே நேரத்தில் இறக்கினால் = 300 நொடி, அதாவது 5 நிமிடம்

நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். பத்துப் பேரும் "நெட் ஸ்லோ" என்று திட்டுகிறோம். காரணமே நாம் பத்துப் பேர்தான்! ஒருவர் மட்டும் இறக்கி, பென் டிரைவில் மற்றவர்களுக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் சீக்கிரம் கிடைக்கும்.

(ஊ) "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல"

இப்படி வந்தால் முதலில் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். நம் அறையில் கடைசி வரிசைக் கணினி காலையில் போட்டதும் பல வருடம் பின்னால் இருந்தது. ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை செல்லும் என்று அதில் இருக்கும். கணினியின் தேதி தவறாக இருந்தால் நல்ல சான்றிதழையும் "செல்லாது" என்று உலாவி சொல்லிவிடும். தேதியைச் சரிசெய்தால் தளம் திறக்கும். தினமும் தேதி பின்னால் போனால் உள்ளே இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் அது சிஆர்2032 என்ற வகை. சாரிடம் சொன்னோம், மாற்றிக் கொடுத்தார். தேதி சரியாக இருந்தும் இந்த எச்சரிக்கை வந்தால் மேலே போகாதீர்கள். அங்கே எந்த விவரத்தையும் அடிக்காதீர்கள்.

(எ) பொய்ப் பொத்தான்கள்

சில பக்கங்களில் "டவுன்லோடு" என்று நாலைந்து பொத்தான்கள் பச்சைப் பசேல் என்று இருக்கும். உண்மையானது ஒன்றுதான். மற்றவை விளம்பரம். கிளிக் செய்யாமல் மவுஸை அதன் மேல் மட்டும் வைத்தால் திரையின் இடது கீழ் மூலையில் அது எங்கே போகிறது என்ற முகவரி தெரியும். வினாத்தாள் என்றால் பிடிஎஃப் ஆக இருக்க வேண்டும். இஎக்ஸ்இ என்று முடிந்தால் அது மென்பொருள். திறக்கவே கூடாது. விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைப்பதால், பார்க்க பிடிஎஃப் போல வேடம் போடுகிற கோப்புகளும் உண்டு.

(ஏ) பழைய உலாவி

புதிய தளங்கள் பழைய உலாவியில் சரியாக வராது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11-க்கு விண்டோஸ் 10-ல் கொடுத்துவந்த ஆதரவை 2022 ஜூன் 15-ல் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. குரோம் 2023-ல் வந்த 110-ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. எந்தத் தீர்வும் பலிக்காவிட்டால் உலாவி எந்தப் பதிப்பு என்று பாருங்கள்.

(ஐ) வெளியிடத்தில் இறக்கினால்

இது தொல்லை அல்ல, ஆபத்து. கணினி மையத்தில் ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எதை இறக்கினாலும் அது அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே இருக்கும். நாம் பஸ் ஏறின பிறகும் இருக்கும்! பென் டிரைவில் எடுத்துக்கொண்டதும் அங்கே உள்ளதை ஷிஃப்ட்டும் டெலீட்டும் சேர்த்து அழித்துவிட்டு வாருங்கள். குறிப்பாகத் தோழிகளுக்குச் சொல்கிறேன், நம் போட்டோவும் போன் நம்பரும் அதில் இருக்கிறது.

கதையின் முடிவு

வயது 14 பன்னிரண்டான அன்று நான் டீச்சரிடம் அக்கா கதையைச் சொன்னேன். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா வந்தபோது டீச்சர் கணினி அறையைத் திறந்துவிட்டார். அதே படிவத்தைத் திறந்து, அப்பாவையே 8 என்று அடிக்கச் சொன்னேன். ஒரு விரலால் தேடி அடித்தார். "இப்ப சக்கரத்தை உருட்டுங்கப்பா" என்றேன். மூணு பல். 7, 6, 5.

அப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார். "இன்னொரு தடவை காட்டு" என்றார். காட்டினேன். வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைக்கூட ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய், "நீ எட்டுதாம்மா அடிச்சிருக்கே" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள். அன்றைக்கும் அழுதாள். ஆனால் அது வேறு அழுகை.

அன்று அந்த மையத்தில் நடந்தது இதுவேதான் என்று நூற்றுக்கு நூறு என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் பக்கம் நகராமல் நின்றதும், மூன்று எண் குறைந்ததும் சரியாகப் பொருந்துகிறது. திருத்தி அனுப்பிய பிறகு பணம் ஐந்து மாதம் தாமதமாக வந்தது. கம்மலும் திரும்பி வந்தது. வட்டி மட்டும் போச்சு.

அதனால் தோழர்களே, தப்பு நடந்தால் "உனக்குக் கண்ணு தெரியலையா?" என்று ஆளைக் கேட்பதற்கு முன்னால், "எப்படி நடந்திருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றை மட்டும் மாற்றி, சோதித்துப் பாருங்கள். கணினிக்கு மட்டும் அல்ல, வீட்டுக்கும் இது பொருந்தும்.

நினைவில் கொள்க!

1. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.
2. எண் அடித்ததும் காலியிடத்தில் கிளிக். பிறகு உருட்டு.
3. சமர்ப்பிக்கும் முன் மறுபடி பார். அச்செடுத்ததும் மறுபடி பார்.
4. மறுபடி கிளிக் செய்யும் முன் டவுன்லோடு பட்டியலைப் பார்.
5. பொதுக் கணினியில் உன் கோப்பை விட்டுவராதே.

விடை சொல்லுங்கள் பார்ப்போம்!

1. தெரியாமல் சக்கரத்தை அழுத்தியதால் பக்கம் ஓடினால் எந்த விசை நிறுத்தும்?
2. நொடிக்கு 16 மெகாபிட் வேகத்தில் 40 மெகாபைட் கோப்பு எத்தனை நொடியில் இறங்கும்?
3. கோப்பின் பெயருக்குப் பின்னால் (4) என்று இருந்தால், அதே கோப்பு எத்தனை தடவை இறங்கியிருக்கும்?

(விடைகள்: 1. எஸ்கேப். 2. 20 நொடி. 3. ஐந்து தடவை, முதல் கோப்புக்கு எண் கிடையாது.)

இதில் எழுதாத வேறு தொல்லை உங்களுக்கு வந்திருந்தால் ஒரு தாளில் எழுதிக் கணினி அறை மேசை மேல் வையுங்கள். அடுத்த இதழில் டீச்சரிடம் கேட்டு எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்து, சுட்டிக்காட்டவும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி